எடுக்காத திறன்

சபூராவிடம் விளையாட்டுக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் தலை நரைத்தவர் அருமைநாயகம் ஒருவர்தான்.

அண்ணன் இத்ரீஸின் மொபைல் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. சில கம்ப்யூட்டர்கள், ஒரு மின்விசிறி. சபூராவுக்கு வயது இருபத்தாறு. கோட்டை, படை, மந்திரம் என்று நடக்கும் போர் விளையாட்டுகளில் வெளிநாட்டுக்காரர்களோடு மோதி ஜெயித்தவள். கற்றுக்கொள்ள வருகிற கல்லூரிப் பிள்ளைகள் அவளை டீச்சர் என்பார்கள்.

முதல் நாள் அவர் படியேறி வந்து வாசலிலேயே நின்றார். போன் ரிப்பேருக்கு வந்தவர் தெரியாமல் மேலே வந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

"இதுல டைம் ஓடாதாமே? கீழ உங்க அண்ணன் சொன்னாரு."

"ஓடாது சார். இது முறை வச்சு ஆடுறது. நீங்க நகர்த்தி முடிக்கிற வரைக்கும் எதிரி அசைய மாட்டான்."

"எவ்வளவு நேரம் யோசிச்சாலும்?"

"எவ்வளவு நேரம் யோசிச்சாலும்."

அவர் செருப்பைக் கழற்றினார்.

"அப்ப எனக்குச் சொல்லிக் கொடுங்க, டீச்சர்."

அவர் தீயணைப்பு நிலைய அதிகாரி என்பது பிறகு இத்ரீஸ் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. வெள்ளம் வந்து போனதிலிருந்து மருத்துவ விடுப்பில் இருக்கிறாராம். எங்கே போன் அடித்தாலும் எழுந்து நின்றுவிடுகிறாராம். சபூரா அதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தன் போனை மட்டும் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டாள்.

அவர் நன்றாகவே கற்றார். வரைபடத்தை ஒரு முறை பார்த்தால் போதும், ஆறு எங்கே, கணவாய் எங்கே என்று மனதில் பதிந்துவிடும். படையைப் பிரித்து அனுப்புவதிலும் தடுமாற்றம் இல்லை. தடுமாறியது ஒரே இடத்தில்தான்.

அந்த விளையாட்டில் படையை நடத்துகிறவரை நாயகர் என்பார்கள். சண்டைகளில் ஜெயித்து நாயகர் ஒரு நிலை உயரும்போது திரையில் இரண்டு திறன்கள் வந்து நிற்கும். ஒன்றைத்தான் எடுக்கலாம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. விட்டது மறுபடி வருமென்று சொல்லவும் முடியாது.

அருமைநாயகத்தின் நாயகி ஒரு வில்லாளி. பெயர் செங்காந்தள். அவளுக்கு வடக்கே மலையூர், தெற்கே மீன்துறை என்று இரண்டு ஊர்கள். அவள் நிலை உயர்ந்தாள். தொலைநடை, அரண் என்று இரண்டு திறன்கள் வந்தன. தொலைநடையை எடுத்தால் படை ஒரே மூச்சில் இன்னும் தூரம் போகும். அரணை எடுத்தால் அவள் ஊரில் இல்லாதபோதும் மதில் உறுதியாக நிற்கும்.

அவர் மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆடியவர்கள் ஆடி முடித்துக் கிளம்பினார்கள். அவர் கை அசையவில்லை. மறுநாளும் அதே திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாளும்.

சபூரா தேநீர் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாள். அது ஆறி ஏடு படிந்த பிறகு அவர் கேட்டார்.

"எது சரின்னு, எடுக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி உண்டா டீச்சர்?"

"ஒரு வழி இருக்கு. நல்ல வழி இல்ல."

"சொல்லுங்க."

"ஆட்டத்தை இந்த இடத்துலயே சேமிச்சு வைங்க. ஒண்ணை எடுத்துக் கடைசி வரைக்கும் ஆடுங்க. அப்புறம் இங்கயே திரும்பி வந்து இன்னொண்ணை எடுத்து ஆடுங்க."

"இதுல என்ன கெட்டது?"

அவள் ஆறிப்போன தேநீரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நீங்க அப்படி ஆடிப் பார்த்ததுண்டா டீச்சர்?"

"ஒரே ஒருதடவை. ஒரு பெரிய போட்டியில தோத்த ஆட்டத்தை வீட்டுக்கு வந்து வேற மாதிரி ஆடிப் பார்த்தேன். ஜெயிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் போட்டிக்குப் போகல."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஆட்டத்தைச் சேமித்தார்.

தொலைநடையைத்தான் முதலில் எடுத்தார். கொஞ்ச நேரத்திலேயே மலையடிவாரத்தில் எதிரிப் படை தென்பட்டது. பெரிய படை. செங்காந்தள் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வடக்கே போனாள். தொலைநடை கை கொடுத்தது. எதிரி மதிலைத் தொடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மலையூர் பிழைத்தது.

அருமைநாயகம் மூச்சு விட்டார். அன்றுதான் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்ததை சபூரா பார்த்தாள்.

எதிரியின் முறை வந்தது. தெற்கே கடலில் கப்பல்கள் தெரிந்தன. மீன்துறையில் காவலுக்கு இருந்தவர்கள் கொஞ்சம் பேர். தன் முறை வந்ததும் செங்காந்தள் திரும்பி ஓடி வந்தாள். எவ்வளவு தூரம் நடக்கிற கால்களாக இருந்தாலும் மலையிலிருந்து கடலுக்கு ஒரே முறையில் வந்துவிட முடியாது. பாதி வழியில் அவளை நிறுத்திவிட்டு முறை முடிந்தது.

ஊர் எரிகிற படம் வந்தது. 'மீன்துறை வீழ்ந்தது' என்று கீழே எழுத்து. மூடுவதற்கு ஒரு பொத்தானும் இருந்தது. அவர் அதை அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆட்டம் இன்னும் தோக்கல சார்," என்றாள் சபூரா. "ஒரு ஊரை வச்சே ஆடலாம். கஷ்டம்தான், ஆனா ஆடலாம்."

"இல்ல. இன்னொண்ணைப் பார்க்கணும்."

"பார்த்தா பார்த்ததுதான் சார். அதைப் பார்க்காததா ஆக்கிக்க முடியாது."

அதற்குள் அவர் அந்த ஆட்டத்தைத் தனியாகச் சேமித்துவிட்டுப் பழைய இடத்தைத் திறந்துவிட்டார். அதே இரண்டு திறன்கள் வந்து நின்றன. இந்தத் தடவை அவர் யோசிக்கவே இல்லை. அரணை எடுத்தார். மலைப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் செங்காந்தளைக் கடற்கரைக்கு நடத்தினார். வில்லாளிகளைப் பாறைகளுக்குப் பின்னால் நிறுத்தினார்.

வடக்கே பெரிய படை வந்து மலையூர் மதிலில் மோதியது. மதில் நின்றது. தெற்கே கப்பல்கள் வந்தன. ஒருவனும் கரையில் கால் வைக்கவில்லை. இரண்டு ஊரும் பிழைத்தன. முரசு கொட்டியது. கொடிகள் ஆடின.

அருமைநாயகம் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா?" என்றார். "அதை எடுத்திருந்தா ரெண்டும் நின்னிருக்கும். இவ்வளவுதானா டீச்சர்?"

முரசு ஓயவில்லை. அவள் எட்டிச் சத்தத்தைக் குறைத்தாள்.

அவர் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்க ஸ்டேஷன்ல ஒரே ஒரு ரப்பர் படகுதான். ஏரி நிரம்பி வழியுதுன்னு மத்தியானத்துலேர்ந்தே தகவல். சாயங்காலம் ரெண்டு போன். ஹவுசிங் போர்டு குவார்ட்டர்ஸ்லேர்ந்து ஒண்ணு. நூறு பேருக்கு மேல இருக்கோம், கைக்குழந்தைங்க இருக்கு, தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சுன்னு கத்துறாங்க. இன்னொண்ணு செங்கல் சூளையிலேர்ந்து. ஒரு பொம்பளை. பதட்டமே இல்லாம பேசுச்சு. நாங்க நாலஞ்சு குடும்பம் சார், குடிசையில தண்ணி ஏறுது, வர்றீங்களான்னு."

"அவங்க பேரு?"

"அப்ப தெரியாது. மறுநாள்தான் தெரிஞ்சுது. பொன்னுத்தாயி." அவர் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "குவார்ட்டர்ஸ் கிழக்கே, சூளை மேற்கே. ரெண்டுக்கும் போக முடியாது. அந்தத் தண்ணி இழுப்புல படகு ஒரு பக்கம் போனா திரும்பி வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நீங்க எங்கயாவது உசரமா ஏறி நில்லுங்கம்மா, வந்துடுறோம்னு சொன்னேன். கல்லு அடுக்கி வச்சிருக்கு சார், அது மேல ஏறிக்கிறோம்னுச்சு. சரின்னு வச்சுட்டேன். கிழக்கே போனேன்."

"அங்க எல்லாரும் பிழைச்சாங்களா சார்?"

"எல்லாரும் பிழைச்சாங்க. மாலை போட்டாங்க எனக்கு."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார். முகத்தில் ஈரம் எதுவும் இல்லை.

"மறுநாள் காலையில தண்ணி வடிஞ்ச அடையாளத்தைப் போய்ப் பார்த்தேன். குவார்ட்டர்ஸ்ல மாடிப்படியில ரெண்டாவது படிக்கு மேல தண்ணி ஏறவே இல்ல. அவங்க மொட்டை மாடியில உக்காந்திருந்தாலே போதும். நான் போயிருக்கவே வேணாம். அப்புறம் சூளைக்குப் போனேன். கல்லு அடுக்குன்னு சொல்லுச்சுல்ல, அது பச்சைக் கல்லு. சுடாத கல்லு. தண்ணியில நின்னு நின்னு கரைஞ்சு, அந்த இடத்துல வெறும் சேறுதான் கிடந்தது. ஆளுங்க ரொம்ப தூரத்துல கிடைச்சாங்க."

கீழே கடையில் யாரோ பேரம் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் முனகியது.

"விசாரணை வச்சாங்க. என் மேல தப்பு இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. பொன்னுத்தாயியோட தம்பி ஒருத்தரு இருக்காரு, அவர்கூட ஒரு வார்த்தை திட்டல. சார் என்ன பண்ணுவாரு, படகு ஒண்ணுதானேங்கிறாரு." பேச ஆரம்பித்த பிறகு முதல்முறையாக அவர் அவள் பக்கம் திரும்பினார். "மேற்கே போயிருந்தா ரெண்டு பக்கமும் பிழைச்சிருக்கும் டீச்சர். இதோ, இந்த மாதிரியே."

சபூரா திரையைக் காட்டினாள்.

"ரெண்டாவது தடவை ஆடினப்போ படையை நேரா கடற்கரைக்குக் கொண்டு போனீங்களே. ஏன் சார்?"

"கப்பல் வரும்னு தெரியுமே."

"முதல் தடவை?"

"தெரியாது." அவர் தலையை ஆட்டினார். "இது விளையாட்டு டீச்சர்."

"ஆமா சார். விளையாட்டுதான்."

அவள் அந்த ஜெயித்த ஆட்டத்தையும், திறன் எடுக்கிற இடத்தில் வைத்திருந்த சேமிப்பையும் அழித்தாள். கொடிகள், முரசு, பிழைத்த இரண்டு ஊர்கள் எல்லாம் போயின. மீன்துறை எரிந்துபோன ஆட்டம் மட்டும் மிஞ்சியது. அவர் தடுக்கவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலம் உங்க கையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒரு படகு. ரெண்டு போன். கிழக்கே நூறு பேரு, மேற்கே நாலஞ்சு குடும்பம்."

"தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு?"

"தெரியாது."

"கல்லு சுட்ட கல்லா, சுடாததான்னு?"

அவர் மவுஸைத் தள்ளி வைத்தார்.

"கேக்கல. சுட்ட கல்லுன்னே நினைச்சேன்."

"அதை மட்டும் கையில வச்சுக்கிட்டு, அங்க ஒருதடவை நின்னு பாருங்க சார்."

அருமைநாயகத்தின் குரல் உயர்ந்தது. அவர் அந்த அறையில் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"தினமும் அங்கதானே நிக்கிறேன்! குளிக்கும்போது, சோத்துல கை வைக்கும்போது, இங்க உக்காந்திருக்கும்போது... அங்கேர்ந்து நான் நகரவே இல்லையே டீச்சர்!"

"இல்ல சார்," என்றாள் சபூரா. "நீங்க மறுநாள் காலையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீங்க."