மருவில்லாத பாளையக்காரர்

வெகுகாலத்துக்கு முன்னால், காக்கைகள் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த நாளில், கூந்தன்குன்று என்றொரு பாளையம் இருந்தது. அதை ஆண்டவர் கொழுந்தப்பர். நல்ல மனிதர். மூக்கு நுனியில் மட்டும் மிளகு போல ஒரு மரு. அரண்மனையில் அதை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருப்பதுதான் அங்கே மரியாதை.

ஒருநாள் பேனாவும் மைக்குப்பியுமாக ஒரு மாயக்காரன் வந்தான்.

"உங்களை அப்படியே வரைஞ்சு தர்றேன், ராஜா."

கொழுந்தப்பர் அவன் காதில் சொன்னார்: "வரை. மரு மட்டும் வேண்டாம்."

"மரு இல்லாத கொழுந்தப்பர் காகிதத்தில்தான் இருப்பார். சம்மதமா?"

"சம்மதம், சம்மதம். வரை!"

கடைசிக் கோடு விழுந்தது. நாற்காலி காலி! பாளையக்காரர் கறுப்புக் கோடுகளாகக் காகிதத்துக்குள் உட்கார்ந்து, "ஐயோ, என்னை வெளியே விடு!" என்று கத்தினார்.

"குப்பியில் மூணு சொட்டு மை இருக்கு," என்றான் மாயக்காரன். "விட்டுப்போனதை வரைஞ்சா வருவார். மை தீர்ந்தா அங்கேயேதான்." சொல்லிவிட்டு, பேனாவையும் குப்பியையும் அங்கேயே வைத்துவிட்டுப் புகையாக மறைந்தான்.

பிரதானி ஓடிவந்தார். "விட்டுப்போனது கிரீடம்!" முதல் சொட்டில் கிரீடம் வரைந்தார்.

"தலை கனக்குதய்யா!" என்றது படம். வெளியே வரவில்லை.

தளபதி ஓடிவந்தார். "மீசை போதவில்லை!" இரண்டாம் சொட்டில் மீசையைக் காதுவரை இழுத்தார்.

"கன்னம் கூசுதய்யா!" என்றது படம். வெளியே வரவில்லை.

தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த மனைவி ஆவுடைத்தங்கம் அப்போதுதான் திரும்பி வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"யார் இது?"

"நான்தான் ஆவுடை!"

"குரல் அவர் குரல்தான். மூக்கு அவர் மூக்கு இல்லையே. மரு எங்கே?"

பிரதானி கூரையைப் பார்த்தார். தளபதி தரையைப் பார்த்துக்கொண்டே மாயக்காரன் சொன்னதைச் சொன்னார்.

"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்," என்றது படம், சின்னக் குரலில், அவள் பேனாவை எடுப்பதைப் பார்த்து. "வைக்காதே ஆவுடை. இங்கேயாவது அழகா இருந்துட்டுப் போறேன்."

"யாருக்கு அழகு? காலையில் கண் முழிச்சதும் நான் பார்க்கிறது அந்த மருவைத்தான். அதைப் பார்த்தாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும். ஆடாம இருங்க."

"மெதுவா ஆவுடை!"

"மெதுவாத்தான். ஒரு சொட்டுதானே இருக்கு!"

மூன்றாம் சொட்டு மூக்கு நுனியில் விழுந்து, மிளகு போல உட்கார்ந்தது.

படம் மூக்கைச் சுருக்கியது. கண்ணை இடுக்கியது. "ஆ... ஆ... அச்!"

அந்த ஒரு தும்மலில் கொழுந்தப்பர் வெளியே வந்து விழுந்தார், கோணல் கிரீடத்தோடும் காதுவரை மீசையோடும். காகிதம் வெறும் வெள்ளையாகப் பறந்தது.

"நூறு ஆயுசு!" என்றாள் ஆவுடைத்தங்கம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவர் மறுபடி தும்மினார்.

"இருநூறு!" என்றது சபை முழுவதும், அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டு.

அவர்கள் அங்கே தும்மிக்கொண்டு சுகமாக இருக்கட்டும். கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள்.