ஆற்றில் நின்று கூப்பிட்டவன்

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சங்கதி. அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில், மழை ஓய்ந்தால் காற்று, காற்று ஓய்ந்தால் மழை என்று இருக்கிற ஒரு கரையில் அந்த மடம் இருந்தது. அங்கிருந்த துறவிகள் கன்றுக்குட்டித் தோலைப் பதப்படுத்தி, அதன்மேல் இறகுப் பேனாவால் வேதம் எழுதினார்கள். வேதம் எழுதி மிஞ்சிய தோலில் முன்னோர் கதைகளை எழுதினார்கள்.

மடத்துக்குப் பெரியவர் செனாக். அதிகம் பேசமாட்டார். அவருடைய சீடன் உல்தான். பச்சைப் பிள்ளை இல்லை, நாற்பதைத் தாண்டியவன். பெண்சாதி செத்த பிறகு மாட்டுப்பட்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவன். எழுத்தே மடத்தில்தான் கற்றுக்கொண்டான். எழுத்து என்னவோ முத்து முத்தாக வந்துவிட்டது. தைரியம்தான் வரமாட்டேன் என்றது.

அவன் எழுதி முடித்தது அம்மா வழிச் சனங்கள் சொல்லுகிற ஒரு கதை. எர்க் என்று ஒரு அரசன். அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்த வளர்ப்புத் தம்பி ஒருவன். இரண்டு பேரும் சண்டையில் தோற்றுத் தப்பி வருகிறார்கள். வழியில் ஆற்றுத்துறை. அங்கே ஒருத்தி ரத்தம் தோய்ந்த சட்டையை அலசிக்கொண்டிருக்கிறாள். மனுஷி இல்லை அவள். குன்றுகளுக்கு அடியில் குடியிருக்கும் பழைய தெய்வங்களில் ஒருத்தி. அவள் யார் சட்டையை அலசுகிறாளோ அவன் அன்றைக்குச் சாவான் என்பார்கள்.

"யாருடைய சட்டை?" என்று எர்க் கேட்டான்.

"திரும்பிப் பார்க்கிறவனுடையது" என்றாள்.

எர்க் முதலில் கரையேறினான். பின்னால் வந்த தம்பியை எதிரிகள் தண்ணீரிலேயே வளைத்துக்கொண்டார்கள். அவன் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எர்க் திரும்பவில்லை. தலை நரைத்து, பல் கொட்டி, கட்டிலில்தான் செத்தான்.

"சாமி, இது நிஜமா நடந்ததா?" என்று கேட்டான் உல்தான்.

"ஏன் கேட்கிற?"

"நடக்காத கதைக்கு ஒரு கன்றுக்குட்டித் தோலை வீணாக்கணுமா? அதான்."

"மை காயட்டும்" என்று சொல்லிவிட்டு செனாக் ஜெபத்துக்குப் போய்விட்டார்.

மை காய்ந்தது. கூடவே வம்பும் வந்தது. உப்பு விற்க வந்தவன் மூட்டையை இறக்கும்போதே விஷயத்தையும் இறக்கினான்.

"சிற்றரசன் ஃபெர்கல் இங்க வந்துக்கிட்டிருக்கான். எர்க் வம்சமாச்சே! உங்க புத்தகத்துல அவங்க முப்பாட்டன் ஓடின கதை இருக்காமே? கத்தியும் ஈட்டியுமா ஆட்கள் வேற. எந்தப் புண்ணியவான் எழுதினது?"

தன்னைக் கேலி பண்ணிப் பாடிய பாணனின் நாக்கை அறுத்தவன் ஃபெர்கல் என்று ஊரெல்லாம் பேச்சு. பாடினவனுக்கு நாக்கு என்றால், எழுதினவனுக்கு?

உல்தான் தன் வலது கையைப் பார்த்தான். விரலிடுக்கில் மைக்கறை போகாமல் இருந்தது.

மறுநாள் காலை மற்றவர்களெல்லாம் கோயிலில் பாடிக்கொண்டிருந்தபோது உல்தான் மட்டும் எழுத்து அறைக்குள் போனான். புத்தகத்தை விரித்தான். தப்பெழுத்தைச் சுரண்டுகிற சின்னக் கத்தியை எடுத்தான். ஆற்றுத்துறை, அலசியவள், அண்ணன், தம்பி எல்லாவற்றையும் சுரண்டினான். பயம் வந்துவிட்டால் மனுஷனுக்குக் கை என்னமாய் வேலை செய்கிறது! ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியதைப் பாட்டு முடிவதற்குள் வழித்துவிட்டான். தூளை வாயால் ஊதிவிட்டு மூடி வைத்தான்.

வாசலில் குதிரைகள் வந்து நின்றன.

ஃபெர்கல் ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். தாடியில் சேறு. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. செனாக் எதிரே வந்து நின்றார். உல்தான் கதவோரம் ஒதுங்கிக்கொண்டான்.

"எங்க முப்பாட்டன் எர்க்கைப் பத்தி எழுதி வெச்சிருக்கீங்களாமே?"

"ஆமா."

"எடுங்க."

செனாக் புத்தகத்தை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தார். பக்கத்தைக் கண்டதும் அவர் விரல் அப்படியே நின்றது. எழுத்து இருந்த இடத்தில் தோல் வெளிறி, சொரசொரவென்று கிடந்தது. அவர் தலையைத் தூக்கி யாரையும் பார்க்கவில்லை.

அப்பாடா, ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்று உல்தான் மூச்சு விட்டான்.

ஃபெர்கலுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெற்றுத்தோல் தெரியாதா?

"என்ன இது? எழுத்து எங்க, சாமி?"

செனாக் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஐயோ" என்றான் ஃபெர்கல். அவ்வளவு பெரிய ஆள், மேஜையைப் பிடித்துக்கொண்டான். "எங்கப்பா சாகக் கிடக்கிறார். ஆத்துல யாரோ கூப்பிடுறான், யாரோ கூப்பிடுறான்னு ராப்பகலா புலம்புறார். பேரைச் சொல்லி ஒரு தடவை பதில் சொல்லிட்டா நிம்மதியாப் போயிடுவேங்கிறார். எங்களுக்குப் பேர் தெரியல. எர்க் ஓடினதை நாடே சொல்லுது, கூப்பிட்டவன் பேரை ஒருத்தனும் சொல்லல. எங்க வீட்டுல அந்தப் பேரையே எடுக்கக்கூடாதுன்னு வெச்சு, கடைசியில மறந்தே போச்சு. இங்க இருக்குன்னு கேள்விப்பட்டுத் தூக்கமில்லாம வரேன்."

கதவோரத்தில் உல்தானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எதற்கு வந்திருக்கிறான், தான் எதை நினைத்து எதைச் செய்து தொலைத்திருக்கிறோம்! பேரைச் சொல்லலாம். சொன்னால் சுரண்டினது யாரென்றும் சொல்லியாக வேண்டும்.

ஃபெர்கலின் துக்கம் அதற்குள் கோபமாகிவிட்டது. சுரண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். அதில் தோல்தூள் ஒட்டியது.

"இது புதுசு. இன்னிக்குச் சுரண்டினது. எங்கப்பன் நிம்மதியாச் சாகக்கூடாதுன்னு எவனோ கூலி கொடுத்திருக்கான். யார் சுரண்டினது?"

"மடத்துப் புத்தகம். நான்தான் பொறுப்பு" என்றார் செனாக்.

"எழுதினவன் யாரு? அவனையாவது கூப்பிடுங்க."

"இருந்தா அவனே பேசுவான்."

"என்னோட விளையாடுறீங்களா?" ஃபெர்கல் கத்தியை உருவினான். "சுரண்டின கையை எனக்குக் கொடுங்க."

உல்தானுக்குப் பின்னால் கதவு திறந்துதான் இருந்தது. வெளியே மழை. குதிரைக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பக்கமாக நாலு எட்டு வைத்தால் கடற்கரை. அவன் திரும்பி, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தும்விட்டான்.

பின்னால் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. செனாக் தன் அங்கியின் கையை மடித்து விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

உல்தான் திரும்பிப் பார்த்தான்.

செனாக்கின் வலது கை மேஜைமேல், புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"அவர் இல்ல!" உல்தான் கத்திய கத்தலில் அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. ஓடிவந்து தன் கையை அந்தக் கைமேல் வைத்தான். "நான்தான். எழுதினதும் நான், சுரண்டினதும் நான். யாரும் கூலி கொடுக்கல. வெட்டிப்புடுவீங்கன்னு பயந்து செஞ்சேன்."

கத்தி ஓங்கியபடியே இருந்தது.

"பேரு?"

"நான் உல்தான்."

"உன் பேரு யாருக்கு வேணும்? கூப்பிட்டவன் பேரு!"

"ஃபேலான்."

"இன்னொரு தடவை சொல்லு."

"ஃபேலான். மார்பளவு தண்ணியில நின்னு எர்க்கைக் கூப்பிட்டான். எர்க் திரும்பல."

"ஃபேலான்" என்றான் ஃபெர்கல். மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். கத்தியை உறையில் போட்டான். "எங்க வீட்டுல ஆத்துக்கு முதுகு காட்டி யாரும் உட்காரமாட்டோம். ஏன்னு கேட்டா அடி விழும்."

அதற்குமேல் அவன் நிற்கவில்லை. அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குதிரையேறினான். குதிரைகளின் சத்தம் ஓய்ந்தது. உல்தான் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். செனாக் அழவிட்டார். பிறகு மை ஊற்றி வைத்த மாட்டுக்கொம்பை அவன் பக்கம் நகர்த்தினார்.

"புதுத் தோல் எடுக்கட்டுமா, சாமி? சுரண்டின இடத்துல மை ஊறிப் பரவும். அசிங்கமா இருக்கும்."

"அதுலயே எழுது."

"படிக்கிறவன், இந்த இடத்துல என்ன ஆச்சுன்னு கேட்பானே."

"கேட்கட்டும்."

உல்தான் இறகை மையில் தோய்த்தான். சுரண்டிய இடத்தில் முதல் எழுத்தை வைத்தான்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டியே. இந்தக் கதை நிஜமா நடந்ததான்னு" என்றார் செனாக்.

"ஆமா, சாமி."

"நடந்தது. இன்னிக்குக் காலையில."