சோதனைக் குழாய்க்குச் சூடம்

துறைமுகத்துப் பெட்ரோல் பங்க் முதலாளி தாண்டவமூர்த்திக்கு மூக்கு இருந்ததோ இல்லையோ, வாய் இருந்தது. மண்ணுக்கடியில் டாங்க் ஒழுகுகிறதா என்று பார்க்க, பங்க்குக்கு எட்டத்தில் கடலோரமாக ஒரு குழாய் இறக்கியிருந்தார்கள். மாதாமாதம் அதில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவள் வேம்பு. மூடியைத் திறந்தாலே பெட்ரோல் வாடை குமட்டும். சொன்னால், "அது மீன் நாத்தம்" என்பார் முதலாளி. போன மாதம், "உன் சேலை நாத்தம்" என்றார்.

அன்று குழாயைப் பார்வையிட அரசாங்க அதிகாரி வந்திருந்தார். "சுத்தமான தண்ணின்னு உன் வாயால சொல்லணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே" என்று முதலாளி அவள் காதோரம் உறுமினார்.

வேம்புவுக்கு அலுத்துப்போய்விட்டது. "சுத்தமான தண்ணிதான் ஐயா, முதலாளியே சொல்லிட்டாரே" என்றவள், மடியிலிருந்து சூடமும் தீப்பெட்டியும் எடுத்தாள். "ஆடிப்பெருக்கு அன்னிக்கு நல்ல தண்ணிக்குச் சூடம் காட்டாம விடலாமா?"

குழாய் வாயருகே குனிந்தாள். முதலாளி பாய்ந்து வந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார். "அடிப்பாவி, உள்ள தீ இறங்கினா எல்லாரும் கருகிடுவோம்."

வேம்பு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"மீன் நாத்தம் எப்படிப் பத்திக்கும்னு முதலாளியையே கேளுங்க ஐயா."