சமவெளிக்கு வந்த சிவப்புப் பாறை

அந்தக் காலத்தில் கல்லும் பனியும் மனிதரோடு பேசின. வடக்கே, கோடையிலும் குளிர் விடாத ஒரு பள்ளத்தாக்கில் மாரெத்தும் அவள் தங்கை ரிஸ்தெனும் தோல் கூடாரத்தில் இருந்தார்கள். கூட்டத்தார் பனிமான்களை ஓட்டிக்கொண்டு முன்பே ஆற்றைக் கடந்து போய்விட்டார்கள். ரிஸ்தெனுக்கு நிறைமாதம், நடக்க முடியாததால் இவர்கள் இருவரும் தங்கிவிட்டார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகியது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பள்ளத்தாக்கின் மேல்முனையிலிருந்த பனியாறு இறங்கத் தொடங்கியது. மாரெத் தினமும் காலையில் அதன் முன்னால் ஒரு மான்கொம்பை நட்டுவைப்பாள். மறுநாள் கொம்பு பனிக்கு அடியில் போயிருக்கும். ஆறு உறைந்தால் நடந்தே அக்கரை போகலாம். ஆனால் உறைய இன்னும் நான்கைந்து நாளாவது ஆகும். பனியோ இரண்டு நாளில் கூடாரத்துக்கு வந்துவிடும்.

அவள் பனியாற்றிடம் போய் நிற்கும்படி கெஞ்சினாள்.

"எனக்கு நிற்கத் தெரியாது. பின்னால் இருப்பது என்னைத் தள்ளுகிறது" என்றது அது.

அதன் குரலில் பகை இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில், மலையின் தோளில் ஒரு பெரிய சிவப்புப் பாறை இருந்தது. அது விழுந்து அடைத்தால் பனி கொஞ்சம் தாமதிக்கும். மாரெத் மேலே ஏறிப்போய்க் கேட்டாள்.

"நான் பிறந்ததே இந்த மலையில்தான். விழுந்தால் என்னைத் திரும்ப ஏற்றிவைப்பாயா?" என்று கேட்டது பாறை.

ஒரு பொய் அவள் வாய் வரை வந்தது. "முடியாது. எனக்கு அவ்வளவு பலம் இல்லை" என்றாள்.

பாறை இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் இறங்கி வந்து தங்கையின் காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரிஸ்தெனுக்கு வலி எடுத்துவிட்டது. பனி நொறுங்கும் சத்தம் கூடாரத்துக்குள்ளேயே கேட்டது. பாறை மறுத்துவிட்டது என்றே மாரெத் நினைத்தாள்.

மறுநாள் நண்பகலில் நிலம் அதிர்ந்தது. பாறை விழுந்து, குறுகலான வழியில் சிக்கி, அடித்தரையை இறுகப் பற்றிக்கொண்டது. பனி அதை மூன்று நாள் தள்ளியது. கல்லில் கல் கீறும் ஓசை ஓயவே இல்லை. அந்த ஓசைக்கு நடுவில் ரிஸ்தென் ஒரு பெண்ணைப் பெற்றாள். நான்காம் நாள் ஆறு உறைந்தது. மாரெத் தங்கையையும் குழந்தையையும் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு அக்கரை போனாள். திரும்பிப் பார்த்தபோது கூடாரமும் இல்லை, பாறையும் இல்லை.

பல கோடைகள் கழித்துப் பனி உருகிப் பின்வாங்கியது. பனி பாறையை இழுத்துப்போன தடத்தில் மாரெத் தேடிப் போனாள். ஏழு நாள் நடையில், மலையே கண்ணுக்குத் தெரியாத வெட்டவெளியில், கருங்கற்களுக்கு நடுவே அது தனியாகச் சிவந்து நின்றது.

அவளால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை. "என்மேல் கோபமா?" என்று கேட்டாள்.

"இல்லை. இங்கே காற்று அதிகம்" என்றது பாறை.

மாரெத் காற்று வரும் பக்கமாகப் போய், பாறையை மறைத்தபடி பொழுது சாயும்வரை நின்றாள்.

அன்று முதல்தான் வடநாட்டுப் பாறைத் தரைகளில் நீள நீளமான கீறல்கள் இருக்கின்றன. மலையே இல்லாத சமவெளியில் அந்த இடத்துக்குச் சேராத நிறத்தில் ஒற்றைப் பாறைகள் நிற்கின்றன. அவ்வழியே போகிறவர்களும் காற்று வரும் பக்கமாகச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.