முதல் டிவிக்குப் பொன்னாடை

எவனோ ஒரு களவாணிப் பய விழாக் கமிட்டிக்காரங்க காதுல போய் ஓதியிருக்கான், "இந்த ஊருக்கு முதமுதல்ல டிவி கொண்டுவந்தது ஜவுளிக்கடை மீரான் பாய்"னு. நாளைக்கு மேடையில பாய்க்குப் பொன்னாடையாம். எலேய், ஒளிஞ்சிருந்து பேசினவனே! பழைய இரும்பு பொறுக்கி, பேரம் பேசியே டிவிக்கடை வச்ச இந்தச் சுயம்புலிங்கம் என்ன செத்தா போயிட்டான்?

நியாயம் கேட்கக் காலையிலேயே பிச்சைக்கண்ணு சலூனுக்குப் போனேன். முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தார் உப்பளத்து இசக்கியப்பன்.

"டிவி கிடக்கட்டும்வே, ரேடியோவிலிருந்தே வாறேன்" என்றேன். "என் வால்வு ரேடியோ சூடாகிப் பாட அரை மணி நேரம் பிடிக்கும். அந்தச் சூட்டை வீணாக்குவானேன்? இட்லிக் கொப்பரையைத் தூக்கி மேல வச்சிருவேன். செய்தி முடியவும் இட்லி வேகவும் சரியா இருக்கும்."

"சட்னி?" நுரைக்குள்ளிருந்து கேட்டார் இசக்கியப்பன்.

"ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல கர்ர்ருனு ஒரு இரைச்சல் வருமே, அதுல அரைச்சதுதான்."

பிச்சைக்கண்ணு கத்தியை மடக்கி ஓரமாக வைத்தான். சிரிப்பில் கை நடுங்கினால் கன்னம் போய்விடும்.

"அடுத்து டிவி. சென்னைப் படம் நம்ம பக்கம் எட்டாத காலம், கொழும்புப் படத்தைத்தான் பிடிக்கணும். எடைக்கு வாங்கின குழாயை ஒண்ணு மேல ஒண்ணா சொருகி, முப்பது பனை உயரத்துக்கு ஆன்டெனா நட்டேன். அடிக்கடி மேகம் வந்து மாட்டிக்கும், நானே ஏறி எடுத்து விடணும். ஒரு நாள் கொழும்புல செய்தி வாசிக்கிற அம்மா பாதியில நிறுத்திட்டு, 'அண்ணாச்சி, உங்க கம்பி எங்க ஜன்னலை மறைக்குது, கொஞ்சம் தாழ்த்துங்க'ன்னாங்க. சும்மா தாழ்த்துவேனா? ரெண்டு பாட்டு கூடப் போடச் சொன்னேன். அந்தம்மா ஒண்ணுலயே நின்னாங்க. கடைசியில ஒண்ணரைக்குப் படிஞ்சுது."

"அரைப் பாட்டை என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

"மறுநாள் மீதியை வாங்காம விடுவேனாலே பிச்சைக்கண்ணு?"

இசக்கியப்பன் கண்ணாடி வழியாகவே என்னை முறைத்தார். "மீரான் பாய் வீட்டு மாடியில மூணு பேர் நின்னு ஆன்டெனாவைத் திருப்பி, 'தெரியுதா, தெரியுதா'ன்னு கத்துனது தெரு பூராவும் கேட்டுது. உம்ம மாடியில ஒரு சத்தமும் கேட்டதில்லையே?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"படம் தெரியாதவன்தானே கத்துவான்! பின்னால சென்னைப் படம் இங்கே எட்டுச்சுல்லா, அன்னைக்கு என் ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினேன். மொத்தப் படமும் என் பெட்டிக்குள்ள வந்து விழுந்துட்டுது. சென்னையில பொட்டு மிச்சமில்லை. பாவம், அவங்க என்ன செய்வாங்க? 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'னு ஒரு அட்டையை எடுத்து வச்சிட்டாங்க. அந்த அட்டை எப்பெப்ப வந்துதோ, அப்பெல்லாம் இங்கே நான் படம் பார்த்துக்கிட்டிருந்தேன்னு அர்த்தம்!"

இசக்கியப்பன் கழுத்துத் துணியோடு எழுந்தார்.

"அப்போ அந்த ஞாயித்துக்கிழமைப் படம்? தங்கச்சிக்குக் கட்டாயத் தாலி கட்டப் போறான், அண்ணன்காரன் குதிரையில பாஞ்சு வாறான், டக்குனு அட்டை. அது உம்ம வேலையாவே?"

"எங்கம்மா அந்தப் பிள்ளையை நினைச்சு ஒரு வாரம் சரியாச் சாப்பிடலை அண்ணாச்சி" என்றபடி பிச்சைக்கண்ணு போய் வாசலை மறித்தான். கத்தி மறுபடி அவன் கைக்கு வந்திருந்தது.

"அண்ணன் நேரத்துக்கு வந்து சேந்தானா? சொல்லிட்டு நகரும்!" என்றார் இசக்கியப்பன்.

"யோவ், அன்னைக்கு நான் பார்க்கலைய்யா!"

"பின்னே யாரு பார்த்தா?"

"அன்னைக்கு எங்கிட்ட ஏது டிவி? மீரான் பாய் வீட்டு ஜன்னல்ல நானும்தானே தொங்கிக்கிட்டுக் கிடந்தேன்!"

இசக்கியப்பன் திரும்ப நாற்காலியில் சாய்ந்தார். "பிச்சைக்கண்ணு, மிச்சத்தையும் வழிச்சு விடு. நாளைக்குப் பாய்க்குக் கை தட்டப் போகணும்."

ஒளிஞ்சிருந்து பேசினவனே, எல்லாம் உன்னால வந்தது. பொன்னாடையைப் பாய்க்கே போத்திவிடு, போ. ஆனா இத்தனை விவரம் தெரிஞ்சவன் நீ, நாளைக்கு அதே மேடையில ஏறி ஊரறியச் சொல்லிட்டு இறங்கணும்: அந்த அண்ணன்காரன் வந்து சேந்தானா, இல்லையாலே?