கொள்ளு ரசமும் தளவாய் அண்ணாச்சி மூக்கும்

ஒத்தப்பனைப்பட்டியில் புத்திசாலிகள் நிறையப் பேர் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே சூளைத்தெருக் கடைசி வீட்டில் இருந்த கொம்பையா, சொரிமுத்து, பலவேசம் என்ற அண்ணன் தம்பிகள் மூவரின் கதையைக் கேளுங்கள். நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மூவரும் செங்கல் சூளையில் கல் அடுக்குகிறவர்கள். உழைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. 'அடுக்கு' என்றால் அடுக்குவார்கள். 'நிறுத்து' என்று சொல்ல மேஸ்திரி மறந்துவிட்டால் அடுக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை மேஸ்திரி டீக்கடையில் பேச்சு சுவாரசியத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அவருடைய சைக்கிள் நாலு சுவருக்கு நடுவில் இருந்தது.

சமைக்காத வீட்டு அடுப்பில் பூனை உறங்கும் என்பார்கள். இவர்கள் வீட்டு அடுப்பில் பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போட்டிருந்தது. அப்பா அம்மா போன பிறகு மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான். வாங்குகிற கூலியில் பாதி இட்லிக்கும் மீதி பரோட்டாவுக்கும் போய்விடும்.

இப்படி இருக்கையில் கொம்பையாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அவனுக்கு முப்பத்து நாலு வயது. ஏழு இடம் தட்டிப் போய்விட்டது. எட்டாவதாக வந்தவள் பக்கத்து ஊர் வெள்ளைச்சாமியின் மகள் கோமதி, பீடி சுற்றுகிற பெண். இதுவும் போனால் ஒன்பதாவது கிடையாது என்று தரகர் கையைக் கழுவிவிட்டார். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து கொம்பையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளைச்சாமி வந்து மகளுடைய நிபந்தனையைச் சொன்னார்.

"வசதி வாய்ப்பெல்லாம் எம் மக கேக்கல. நாள் பூரா பீடி சுத்திட்டு எந்திரிக்கையில, வீட்டு ஆம்பிள ஒரு ரசமாவது வைக்கத் தெரிஞ்சவனா இருக்கணும்னு சொல்லுதா. வெள்ளிக்கிழம மத்தியானம் சாப்பிட வாரேன். ஒங்க வீட்டு அடுப்புல, ஒங்க கையால வச்சதா இருக்கணும். வயிறு நெறஞ்சா அன்னைக்கே தேதி குறிச்சிருவோம். இல்லன்னா வருத்தப்படாம வேற எடம் பாத்துக்கிடுங்க."

அந்த வாரம் அங்கன்வாடி செண்பகம் டீச்சர் சமுதாயக்கூடத்தில் சிக்கனச் சமையல் வகுப்பு நடத்தினார். நாற்பது பெண்களுக்கு நடுவில் மூன்று பேரும் போய் உட்கார்ந்தார்கள். எழுதத் தெரிந்தவன் பலவேசம் மட்டும்தான் என்பதால் நோட்டு அவன் கையில் இருந்தது.

"ஒரு கைப்பிடி கொள்ளு போதும்மா," என்றார் டீச்சர். "வேக வச்ச தண்ணியில ரசம், வெந்த கொள்ளுல துவையல், ரேஷன் அரிசிச் சோறு. ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிடலாம். உடம்புக்கும் நல்லது." பிறகு கொள்ளில் கல் எடுப்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பலவேசம் ஒரு சொல் விடவில்லை. மிளகாய் தாளிக்கும்போது நெடி ஏறி டீச்சருக்குத் தும்மல் வந்தது. 'தும்மல் ஒன்று' என்று எழுதிக்கொண்டான். கடைசியாக டீச்சர், "நுரை கட்டி, பக்கத்து வீட்டுக்கு வாசம் போகணும். போனதும் இறக்கிரணும்," என்று சொல்லி முடித்தார். அதற்குக் கீழே பலவேசம் இரண்டு கோடு போட்டான்.

கொள்ளு வாங்கப் போகும் வழியில் சொரிமுத்துவுக்கு ஒரு சந்தேகம்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளுன்னு சொல்லுவாகளே. வெள்ளிக்கிழம வார மாமா இதுல எந்த வகைண்ணே?"

"தொந்தி இருக்குலா. கொள்ளுதான்," என்றான் கொம்பையா.

"காலு ரெண்டும் குச்சியா இருக்கே?"

"காலுக்கு யாருலே ரசம் ஊத்தப் போறா."

விஷயம் தீர்ந்தது. கொள்ளு வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை மூவரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டார்கள். பூனைக் குடும்பத்தைக் கும்பிட்டுக் கேட்டு வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். மாமா உட்காருவதற்காகச் சூளை முதலாளியிடம் ஒரு தேக்குமரப் பெஞ்சு இரவல் வாங்கிப் போட்டார்கள். பலவேசம் நோட்டைத் திறந்தான்.

"கொள்ளில் கல் எடுக்கவும்."

மூவரும் குனிந்து தேடினார்கள். கடைக்காரர் சுத்தமான கொள்ளாகக் கொடுத்திருந்தார். ஒரு கல்கூட இல்லை. மாவு மாதிரி வெளுத்துப்போனான் கொம்பையா.

"எடுக்கச் சொல்லிருக்கே. எடுக்காம மேல போனா சமையல் விளங்குமா?"

"சூளையில இல்லாத கல்லாண்ணே," என்று சொரிமுத்து ஓடிப்போய் அரைச் செங்கல் கொண்டுவந்தான். அதைக் கொள்ளுக்குள் வைத்தார்கள். மூவரும் சேர்ந்து எடுத்தார்கள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

கொள்ளு வெந்தது, சோறும் வெந்தது, துவையலும் அரைத்தாகிவிட்டது. தாளிக்கும் கட்டத்தில் வேலை மறுபடியும் நின்றது. தும்மல் ஒன்று வேண்டும். சூளைப் புகையில் பழகிய மூக்குகள் ஆயிற்றே, மிளகாய்க்கெல்லாம் மசியவில்லை. சட்டியில் கடுகு வெடித்துக்கொண்டிருக்க, மூவரும் அண்ணாந்து சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்து 'அச்' என்று ஒரு பெரிய தும்மல் கேட்டது.

"இது சேருமாண்ணே?" என்றான் பலவேசம்.

"பெஞ்சே இரவல்தான். தும்மல் இரவலா இருந்தா என்ன? டிக் போடு."

புளித்தண்ணீரும் கொள்ளுத்தண்ணீரும் உள்ளே போயின. தட்டிய மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் போயின. ரசம் நுரை கட்டி எழும்பியது. பொய் சொல்லக் கூடாது, உள்ளபடியே அருமையான ரசம். தெருமுனை வெல்டிங் கடைக்காரர் தான் கொண்டுவந்த சோற்று டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சலிப்போடு மூடினாராம். அப்போது மணி பதினொன்றரை. அந்த நிமிஷமே இறக்கியிருந்தால் கொம்பையாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், எனக்கும் சொல்லக் கதை இல்லாமல் போயிருக்கும்.

"பக்கத்து வீட்டுக்கு வாசம் போயிருச்சாலே?" என்றான் கொம்பையா.

"இங்க இருந்துக்கிட்டு எப்படித் தெரியும்? கேட்டுட்டு வாரும்ணே," என்றான் பலவேசம்.

இவர்கள் வீடு தெருவின் கடைசி. ஒரு பக்கம் மண் எடுத்த பள்ளம். இன்னொரு பக்கத்தில் தளவாய் அண்ணாச்சி வீடு. அவர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். மனைவி காலமாகி, கல்யாணமாகாத மகன் வன்னியராஜோடு இருக்கிறார். கொம்பையா போனபோது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ரச வாசம் வருதா?"

"வாசமா? மூக்கடச்சு மூணு நாளாச்சுப்பா. சாணிக்கும் சாம்பிராணிக்கும் வித்தியாசம் தெரியல. ரசமா வச்சிருக்க? சூடா ஒரு டம்ளர் குடு. குடிச்சா மூக்கு தொறந்திரும்."

"குடுக்கலாம். ஆனா ரசம் இன்னும் ஆகலயே."

"எப்ப ஆகும்?"

"ஒங்களுக்கு வாசம் வந்ததும் ஆயிரும்."

"குடிச்சாத்தானப்பா எனக்கு வாசம் வரும்."

"வாசம் வந்தாத்தான அண்ணாச்சி குடிக்கக் குடுக்க முடியும்."

முப்பது வருஷம் பஸ்ஸில் சில்லறைத் தகராறு தீர்த்தவர் தளவாய் அண்ணாச்சி. அவராலேயே இதைத் தீர்க்க முடியவில்லை. துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அடுப்பைச் சுற்றி ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"நான் போயி அங்க உக்காந்து மோந்து பாத்துச் சொல்லுதேன்," என்றான் சொரிமுத்து.

"ரேஷன் கார்டுல ஒம் பேரு எந்த வீட்டுல இருக்கு?" என்று கேட்டான் பலவேசம்.

"நம்ம வீட்டுல."

"அப்போ மூக்கும் நம்ம வீட்டு மூக்கு. அது எங்க போயி உக்காந்தாலும் நம்ம வீட்டு மூக்குதான்."

"தனிக் கார்டு வாங்கிட்டா?"

"அதுக்கு ரெண்டு மாசம் ஆகும். ரசம் தாங்காது."

பிறகு முறத்தை எடுத்துச் சுவருக்கு மேலாக வாசத்தை வீசி அனுப்பினார்கள். வாசத்தோடு அடுப்புப் புகையும் சேர்ந்து போனது. அண்ணாச்சி அடுக்கடுக்காக ஆறு தும்மல் போட்டார். நோட்டில் ஒன்றுதான் எழுதியிருக்கிறது, தும்மல் கூடிப்போயிற்றே என்று பலவேசம் கவலைப்பட்டான். கூடிப்போன உப்புக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல இதற்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார்கள். ரசம் வற்றியபோது இன்னொரு செம்பு ஊற்றினார்கள். அப்புறம் ஒரு குடம். ரசம் நிறம் இழந்தது, அதன் பிறகு மணமும் இழந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஏனென்றால் நோட்டில் இவர்கள் மூக்கைப் பற்றி ஒன்றும் இல்லை.

பன்னிரண்டரைக்கு விறகு தீர்ந்தது. தென்னை மட்டை, பழைய துடைப்பம், முறம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் மூன்று பேர் கண்ணும் பெஞ்சின் மேல் போய் நின்றன.

"மாமா உக்காரதுக்குல்லா போட்டிருக்கு," என்றான் கொம்பையா.

"மாமா எதுக்கு வாராரு? உக்காரவா, சாப்பிடவா?" என்று கேட்டான் பலவேசம்.

"சாப்பிட."

"அப்போ பெஞ்சு எதுக்கு?"

தேக்கு நன்றாக எரிந்தது.

ஒரு மணிக்கு வெள்ளைச்சாமி வந்தார். காலையில் வேண்டுமென்றே ஒன்றும் சாப்பிடாமல், பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். அடுப்பு எரிவதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"பரவாயில்லயே மாப்பிள. சாப்பாடு ஆச்சா?"

"சோறு ஆச்சு, துவையல் ஆச்சு. ரசம் மட்டும் பாக்கி மாமா."

"அதான் நொரைக்கே."

"இது அஞ்சாவது தடவ."

"அப்போ இறக்க வேண்டியதுதான?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், பெரியவருக்குச் சமையல் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"சரி, உக்கார எடம் எங்க?" என்றார் வெள்ளைச்சாமி.

"உள்ள எரியுது மாமா," என்று அடுப்பைக் காட்டினான் சொரிமுத்து.

அப்போதுதான் பலவேசத்துக்கு அந்த மகா யோசனை பிறந்தது. "அண்ணே, நம்ம கார்டுல மாமா பேரு இல்லலா? மாமா, நீங்க பக்கத்து வீட்டுல போயி உக்காருங்க. ரச வாசம் வந்தா மட்டும் ஒரு குரல் குடுங்க."

பசி மயக்கத்தில் வெள்ளைச்சாமி எதிர்க்கேள்வி கேட்கவில்லை. நிழலில் உட்கார்ந்தால் போதும் என்று போய்விட்டார்.

அங்கே அந்த நேரத்துக்கு வன்னியராஜ் வேலை முடிந்து வந்திருந்தான். கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறவன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உலையை வைத்தான். கொல்லை முருங்கையில் ஒரு கொத்து ஒடித்துத் துவட்டினான். மிளகைத் தட்டி, புளியைக் கரைத்து, ஒரு ரசம் வைத்தான். அரை மணி நேரம்தான் ஆயிற்று. முற்றத்தில் வாடிப்போய் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்து, "எய்யா, யாரு வீட்டுக்கு வந்தியளோ தெரியல. இருக்கதுல ஒரு வாய் சாப்பிடுங்க," என்று தட்டைப் போட்டான்.

வெள்ளைச்சாமி ஒருமுறை சுவருக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அங்கிருந்து வெறும் புகைதான் வந்தது. தட்டில் கை வைத்தார். இரண்டாம் தடவை சோறு வாங்கினார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். ஏப்பம் விட்டபின், "நீங்க எந்தப் பக்கத்து ஆளுக?" என்று தளவாய் அண்ணாச்சியிடம் மெல்லக் கேட்டார். பேசப் பேச மாமன் மச்சான் முறை வந்தது.

அண்ணாச்சியும் இரண்டு டம்ளர் ரசம் குடித்திருந்தார். மூன்றாவது டம்ளரில் மூக்கு பளிச்சென்று திறந்தது. உடனே எழுந்து சுவரோரம் வந்தார்.

"ஏ கொம்பையா, வாசம் வருதுப்பா. என்னமோ தீய்ஞ்ச வாசம்."

அடுப்படியில் மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கொம்பையாவுக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம்.

"தீய்ஞ்ச வாசம்னு சொல்லுதாரே?"

"என்ன வாசம்னு நோட்டுல போடலண்ணே. வாசம்னு மட்டும்தான் இருக்கு," என்றான் பலவேசம்.

இறக்கினார்கள். தேக்குச் சூட்டில் தண்ணீரெல்லாம் போய், சட்டியின் அடியில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அதைக் கரண்டியால் சுரண்டி வாழையிலையில் வைத்து, மாமாவைக் கூப்பிடக் கிளம்பினார்கள். அவரே துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"கொம்பையா, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. தேதி குறிச்சாச்சு, ஆவணி பத்து. மாப்பிள நீ இல்ல, பக்கத்து வீட்டுப் பையன். மக கேட்டது அந்த வீட்டுல இருக்கு."

கொம்பையாவுக்கு அழுகை வந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே வந்தது. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டைப் பையில் கோமதியின் போட்டோ இருந்தது.

பலவேசம் வெள்ளைச்சாமி பக்கம் திரும்பினான்.

"மாமா, கோமதிக்கு மூக்கு எப்படி?"

"அவ மூக்குக்கு என்னடே? தெருமுனையில மல்லியப்பூ வந்தா வீட்டுக்குள்ள இருந்தே சொல்லிருவா."

"சளி பிடிக்குமா?"

"சின்னப்பிள்ளையில இருந்தே பிடிச்சதில்ல."

கொம்பையா கண்ணைத் துடைத்தான். சட்டியைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது.

"அப்போ ஆவணி பத்துக்குப் பொறவு பக்கத்து வீட்டுல ஒரு நல்ல மூக்கு இருக்கும்," என்றான். "மாமா, ஆவணி பதினொண்ணு மத்தியானம் நீங்க மறுபடி நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாரீய. கோமதி அங்க இருந்து வாசம் வருதுன்னு சொன்ன மறுநிமிசம் ரசத்த இறக்கிருவேன். அதக் குடிச்சுப் பாத்துட்டு, எனக்குப் பொண்ணு தரமாட்டேன்னு சொல்லிருவியளா, பாப்போம்."