செம்பு சொன்னதும் அகப்பை சொல்லாததும்

அந்தக் காலத்தில் அடுப்படியில் இருக்கிற எல்லாமே பேசும். பானை பேசும், உரல் பேசும், உறியில் தொங்குகிற சட்டிகூட மேலே இருந்தபடியே பதில் சொல்லும். நெருப்பின் பேச்சு மட்டும் மனுஷர் காதில் விழாது; அதன் சூடுதான் அதன் பேச்சு. அந்தச் சூடு அப்போது எங்கேயும் நடந்து போகாது. நெருப்பு தருகிற சூட்டைப் பாத்திரம் அடியில் வாங்கி, உள்ளே இருக்கிற உலைக்குக் கொடுத்துவிடும். விளிம்புக்கு ஒரு விரற்கடை ஏறவிடாது. அதனால் கொதிக்கிற குண்டானைக்கூட வெறுங்கையால் தூக்கி இறக்குவார்கள்.

மலையடிவாரத்தில் வண்டிப்பாதை ஓரமாக வெயிலாள் என்று ஒருத்தி இருந்தாள். போகிற வருகிற வண்டிக்காரர்களுக்குக் கம்பங்கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது அவள் பிழைப்பு. காலையில் எழுந்ததும் அடுப்பின் முன் குந்தி ஊதுகுழலை எடுப்பாள்.

"ஏ சோம்பேறி, எந்திரி. வண்டி வந்துரும்."

அவள் மூச்சு பட்டதும் நெருப்பு கண் விழிக்கும். இப்படியே வருஷங்கள் போயின. போகப் போக நெருப்புக்கு ஓர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. அவள் கை பானையைத் தொடுகிறது. முறத்தைத் தொடுகிறது. பூனையின் முதுகை அவ்வளவு பிரியமாகத் தடவுகிறது. தன்னை மட்டும் விறகுக் கட்டையால் தள்ளிவிடுகிறாள்.

ஒருநாள் அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரம் நெருப்பு வாய்விட்டுச் சொன்னது. "அவ மூச்சு எனக்குத் தெரியும். கை எப்படி இருக்கும்னு தெரியாது."

"போய்த் தொட்டுப் பாக்க வேண்டியதுதானே?" என்றது செம்புக் குண்டான். அது சந்தையிலிருந்து புதிதாக வந்தது. பளபளப்பும் அதிகம், பேச்சும் அதிகம்.

"நான் போனா கையோட கூரையும் சேர்ந்து போயிரும். நான் நினைக்கிறதை மட்டும் யாராச்சும் கொண்டுபோய்ச் சேர்க்கணும்."

"இவ்வளவுதானா? என்கிட்ட கொடு."

சுவரில் செருகியிருந்த மரக்காம்பு அகப்பை, "கொஞ்சம் யோசி. அது ரொம்ப நாளா அடக்கி வெச்ச பேச்சு" என்றது.

"நீ சும்மா இரு, சிரட்டைத் தலையா!" என்று சிரித்த செம்பு, அப்போதே அடித்துச் சத்தியம் செய்தது. "நீ சொன்னதைச் சொன்னபடி, ஒரு சொல் குறையாம, அந்த நிமிஷமே சொல்லுவேன். நான் மட்டும் இல்லை, எங்க சாதிசனம் இரும்பும் பித்தளையும்கூடச் சொல்லும்."

அந்த நாளில் செய்த சத்தியத்தைத் திருப்பி வாங்க முடியாது.

வெயிலாள் வந்தாள். கஞ்சி கொதித்ததும் குண்டானை இறக்க இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தாள். நெருப்பு ஒரே ஒரு சொல்தான் சொல்ல நினைத்தது. வாயைத் திறந்ததும் அத்தனை வருஷத்துப் பேச்சும் வந்துவிட்டது. செம்பு அதைக் கேட்ட வேகத்திலேயே அவளுடைய பத்து விரலுக்கும் சொன்னது.

"ஆத்தீ!"

குண்டான் உருண்டது. கஞ்சி கவிழ்ந்து அடுப்பு சீறி அணைந்தது. ஓரத்தில் ஒரே ஒரு கங்கு மட்டும் மிஞ்சியது. அந்த நிலையிலும் நெருப்பு ஆசையாகக் கேட்டது:

"என்ன சொன்னா அவ?"

"ஆத்தீன்னா."

"தீன்னு என்னைக் கூப்பிட்டாளா!"

"கூப்பிடலை," என்றது அகப்பை மெதுவாக. "அழுதா. பத்து விரலும் கொப்புளம்."

நெருப்பு கங்குக்குள் சுருங்கிக்கொண்டது. சாம்பல்தான் இரக்கப்பட்டு, வந்து கங்கைப் போர்த்திவிட்டது.

மூன்று நாள் வெயிலாள் அடுப்புப் பக்கமே வரவில்லை. கையில் கற்றாழையைத் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்துக் குடிசை ஒச்சாயி வந்தாள்.

"என்னடி வெயிலா, உன் கூரையில புகையைக் காணோம். அடுப்போட சண்டையா?"

"கடிச்சிருச்சு மதினி. விறகு ஊட்டி ஊட்டி வளத்தேன், கையைக் கடிச்சிருச்சு."

"கடிக்கிறதுக்கு அதென்ன நாயா?"

"நாய்னாலும் சொன்னாக் கேக்கும். நான் இனி அதை எழுப்ப மாட்டேன். நாளைக்கு எங்க ஆத்தா ஊருக்கே போயிடுறேன்."

சாம்பலுக்குள் கிடந்த நெருப்புக்கு இது கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம் இருப்பேன்?" என்று சாம்பலிடம் கேட்டது.

"உன் சூட்டுல ஒரு பொட்டுகூட வெளிய விடாமப் பொத்தி வெச்சிருக்கேன். ஆனாலும் நாளைக்குப் பொழுது சாயறவரைக்கும் தாங்காது."

நெருப்பு அகப்பையைக் கூப்பிட்டது. "வேணும்னு செய்யலைன்னு அவகிட்ட சொல்லுவியா?"

"எங்க குலமே உன் வயித்துக்குள்ள போனது. உன்னைக் கண்டா எனக்குப் பயம்," என்றது அகப்பை. "சொல்றேன். ஆனா மெதுவாத்தான் சொல்லுவேன்."

"எவ்வளவு மெதுவா?"

"அவ வேலையை முடிச்சுக் கையை எடுக்கிற வரைக்கும் போய்ச் சேராத அளவுக்கு."

"அப்போ அவளுக்குக் கேக்கவே கேக்காதே!"

"கேக்காது. ஆனா அவ தினமும் வருவா. ஊதுவா. உனக்கு எது வேணும்?"

நெருப்பு உள்ளே புரண்டது. சாம்பல் மேலே லேசாக விண்டது.

"அவ வரட்டும்," என்றது நெருப்பு.

மறுநாள் காலை மூட்டையோடு கிளம்பிய வெயிலாளை அகப்பை கூப்பிட்டது. "ஒரே ஒரு தடவை காய்ச்சிட்டுப் போ. என்னைப் பிடிச்சுக் கிண்டு. சுட்டா என்னையே அடுப்புல வை."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்தாள். ஒச்சாயி பழஞ்சேலையைக் கிழித்து நாலாய் மடித்து, "குண்டானை இதால தொடு" என்று கொடுத்தாள். நெருப்பு என்ன கத்தினாலும் அந்தத் துணியின் காதில் விழாது.

வெயிலாள் தயங்கித் தயங்கிச் சாம்பலை விலக்கி ஊதினாள். அந்த மூச்சு பட்டதும் நெருப்பு ஒரு நடுக்கத்தோடு எழுந்தது. தன்னிடம் இருந்ததையெல்லாம் அகப்பையிடம் சொன்னது. அகப்பை முழுவதையும் கேட்டுக்கொண்டது. காம்பில் ஓர் இடம் கருத்துப்போனது. ஆனாலும் கொப்புளம் ஆறாத அந்தக் கைக்கு அது ஒரு சொல்லைக்கூட விடவில்லை.

"நீதான் நல்ல பிள்ளை," என்று வெயிலாள் அகப்பையைத் தட்டிக்கொடுத்தாள். நெருப்பு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு தானாகவே அடங்கி, கஞ்சி பொங்காதபடி எரிந்தது. அன்றைக்கு அவள் ஊருக்குப் போகவில்லை.

அன்று தொடங்கியதுதான் இது: செம்பும் இரும்பும் பித்தளையும் நெருப்பு சொன்னதை உடனே நம் கையில் கொட்டிவிடும், நாமும் கரித்துணியைத் தேடுவோம். கொதிக்கிற குழம்பில் நின்றாலும் அகப்பைக் காம்பு கையைச் சுடாது. சமையல் முடிந்து எடுத்துவைத்த பிறகு தொட்டுப் பார்த்தால் எப்போதாவது அதில் ஓர் இளஞ்சூடு இருக்கும். சேதி அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கும். அதற்குள் சமைத்த கை வேறு வேலைக்குப் போயிருக்கும்.